பயேயா என்பது பாத்திரத்தின் பெயர்

ஸ்பெயின் சமையல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பயேயா என்ற மஞ்சள் சோறு, அதன்மேல் இறால், மட்டி, ஓரத்தில் ஓர் எலுமிச்சைத் துண்டு. அந்த இறாலோடு கோழியும் தொத்திறைச்சியும் கலந்த ஒரு படத்தை, அந்தச் சோறு பிறந்த வலென்சியாவில் ஒரு பாட்டியிடம் காட்டினால் "அரோஸ் கோன் கோசாஸ்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'சோறு, கூடவே சில சாமான்கள்' என்று அர்த்தம். பிரிட்டிஷ் சமையற்கலைஞர் ஜேமி ஆலிவர் 2016இல் கோழியோடு சொரிசோ என்ற தொத்திறைச்சியையும் சேர்த்து ஒரு பயேயா செய்து ட்விட்டரில் போட்டார். ஸ்பெயின் கொதித்துப் போனது. ஒரு சோற்றுக்கு இத்தனை கோபமா என்று வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். கோபத்தில் ஊர்ப்பெருமை கொஞ்சம் உண்டுதான். ஆனால் அதற்கு அடியில் சமையல் காரணமும் இருக்கிறது. அந்தக் காரணம் தொடங்குவது பாத்திரத்தில்.

பயேயா என்பது வலென்சிய மொழியில் வாணலிக்குப் பெயர். பதெல்லா என்ற லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. பாத்திரத்தின் பெயர் நாளடைவில் அதில் சமைத்த சோற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. (ஆங்கில எழுத்தைப் பார்த்துப் 'பேயெல்லா' என்று படிக்க வேண்டாம். ஸ்பானிய மொழியில் இரட்டை 'ல்' பெரும்பாலும் 'ய' ஆகிவிடும்.) அகலமாக, ஆழமே இல்லாமல், இரண்டு காதுகளோடு இருக்கும் இந்தத் தட்டையான வாணலியைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ஏன் கிளறக் கூடாது, ஏன் வெங்காயம் கூடாது, ஏன் எல்லோரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை அந்த அகலத்தில் இருக்கிறது.

வயலில் பிறந்த சோறு

வலென்சியா ஸ்பெயினின் கிழக்குக் கரையில், மத்தியதரைக் கடலை ஒட்டி இருக்கிறது. நகரத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் அல்புஃபேரா என்ற ஏரி. 1986இலிருந்து பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா. அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் நெல்வயல்தான். மே மாதம் விதைத்துச் செப்டம்பரில் அறுப்பார்கள். குளிர்காலத்தில் வயல்களில் தண்ணீரைத் தேக்கிவிடுவதால் ஏரி எது, வயல் எது என்று தெரியாது. நெல்லை இங்கே கொண்டுவந்து பரப்பியவர்கள் அரபு முஸ்லிம்கள். 1238இல் அரகோன் நாட்டுக் கிறிஸ்தவ மன்னர் முதலாம் ஜாவ்மே அவர்களிடமிருந்து நகரைக் கைப்பற்றிய பிறகும் நெல் போகவில்லை. அரபு மொழியின் 'அர்-ருஸ்' ஸ்பானிய மொழியில் 'அரோஸ்' ஆகி நின்றுவிட்டது.

பயேயா இந்த வயல்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் வேலை செய்தவர்களின் மதியச் சோறு. கையில் கிடைத்ததைப் போட்டார்கள்: வீட்டில் வளர்த்த கோழி, முயல், தோட்டத்துப் பீன்ஸ், செடியில் ஒட்டியிருந்த நத்தை. ஒரு காலத்தில் சதுப்பு நிலத்து நீர் எலியும் பானைக்குப் போனது. விறகு, ஆரஞ்சுத் தோப்பில் கவாத்து செய்த கிளைகள். கடல் பக்கத்திலேயே இருந்தும் 'பயேயா வலென்சியானா' என்று சொல்லப்படும் சோற்றில் மீன் வாசனையே இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். கடலோரக் குடும்பங்கள் இறால், கணவாய், மட்டி போட்டும் பயேயா செய்கிறார்கள். அதுவும் மதிப்பான சோறுதான், ஆனால் பெயர் வேறு: பயேயா தே மரீஸ்கோ. இரண்டையும் ஒன்றாகக் கலப்பதுதான் சுற்றுலாக்காரர்களுக்காக வந்த வழக்கம்.

பாத்திரம்

வழக்கமான பயேயா வாணலி மெல்லிய கார்பன் ஸ்டீலில் ஆனது. அடிப்பக்கம் சிறு குழிகள் இருக்கும். உயரம் 4 முதல் 5 சென்டிமீட்டர்தான். ஆள் கூடினால் பாத்திரம் அகலமாகுமே தவிர ஆழமாகாது. நாலு பேருக்கு 40 முதல் 45 சென்டிமீட்டர் விட்டம், எட்டுப் பேருக்கு 55ஐ ஒட்டி எடுங்கள். கடையில் பாத்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் 'இத்தனை பேருக்கு' என்ற சீட்டை அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் கணக்கில் சமைத்தால் சோறு கனமாக அடுக்கிக்கொண்டு நிற்கும். வெந்த சோறு ஒரு விரல் தடிமனைத் தாண்டக் கூடாது. அரை விரல் என்றால் இன்னும் நல்லது.

தடிமனுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மூடி போடாமல், கிளறாமல் சமைக்கும் சோறு இது. மெல்லிய படலமாக இருந்தால் ஒவ்வொரு மணியும் சாற்றைத் தொட்டபடியே வேகும், ஆவியும் தடையில்லாமல் வெளியேறும். மேலே உதிரியாகவும் அடியில் லேசாக முறுகியும் வரும். அதே அரிசியை ஆழமான சட்டியில் போட்டால் கீழ் அடுக்கு குழையும், மேல் அடுக்கு வேகாது. சரிசெய்யக் கிளறுவீர்கள். கிளறினால் மாவுச்சத்து வெளியே வந்து கூழாகிவிடும்.

புது வாணலியைத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோலப் பழக்க வேண்டும். தண்ணீரும் கொஞ்சம் வினிகரும் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொட்டி, கழுவித் துடைத்து, எண்ணெய் தடவிச் சூடாக்குங்கள். பூசாத இரும்பு என்பதால் ஈரம் பட்டால் ஒரே இரவில் துரு ஏறும். பராமரிக்க நேரமில்லை என்பவர்கள் எனாமல் பூசியதை வாங்கலாம். காந்தல் அவ்வளவு நன்றாகப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அடுப்பில் வைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பாத்திரம் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பது. எண்ணெயை ஊற்றினால் தெரிந்துவிடும். ஒரு பக்கமாக ஓடினால் அடியில் எதையாவது முட்டுக் கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சாய்வு போதும், ஒரு பாதி களி, மறு பாதி பொரி என்று ஆகிவிடும்.

அரிசி

வலென்சிய அரிசிக்கு அரசு அங்கீகரித்த பூர்விகப் பெயர்க்குறி (நம் புவிசார் குறியீடுபோல) உண்டு. அதில் பொம்பா, செனியா, பாயியா, அல்புஃபேரா ஆகிய ரகங்கள் வருகின்றன. எல்லாமே குட்டையான, உருண்டையான மணிகள். முதல் தடவை செய்பவர்கள் பொம்பாவை எடுங்கள். அதில் அமைலோஸ் என்ற வகை மாவுச்சத்து அதிகம். நிறையச் சாற்றை உறிஞ்சினாலும் மணி வெடிக்காது, ஓரிரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் மன்னித்துவிடும். செனியாவும் பாயியாவும் சாற்றின் ருசியை இன்னும் ஆழமாகப் பிடிப்பவை, வாயில் வெண்ணெய்போல இருக்கும். அங்கே பல வீடுகளில் அதுதான் அன்றாட அரிசி. ஆனால் சரியான பதத்துக்கும் குழைவுக்கும் நடுவில் இரண்டு நிமிடம்கூட இருக்காது. அல்புஃபேரா இரண்டுக்கும் நடுவில்.

கழுவ வேண்டாம். ஊறவைக்கவும் வேண்டாம். உலர்ந்த மணிதான் சாற்றை நன்றாக இழுக்கும். பாஸ்மதி நீளமாகப் பிரிந்து நிற்குமே தவிர சாற்றை உள்ளே வாங்காது. ரிசோட்டோ என்ற இத்தாலியக் குழைவுச் சோற்றுக்கான ஆர்போரியோ, கிளறக் கிளறப் பாலாக வர வேண்டும் என்றே வளர்த்த அரிசி, இங்கே ஒட்டும். புழுங்கலரிசி வேகும் நேரமே வேறு. பொம்பா கிடைக்கவே இல்லையென்றால் குட்டை மணிப் பச்சரிசி ஒன்றை எடுத்துத் தண்ணீரைக் குறைத்துப் பழகிக்கொள்ளலாம்.

உள்ளே போகும் பத்துப் பொருள்

வலென்சியானாவுக்கு அடிப்படையாகச் சொல்லப்படுபவை பத்து: அரிசி, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, குங்குமப்பூ, தக்காளி, கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், கர்ரொஃபோ. பயேயா செய்வதை வலென்சிய மாநில அரசு 2021இல் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

கர்ரொஃபோ என்ற பெயர் மிரட்டும். ஆனால் அது லைமா பீன்ஸ் குடும்பம், தமிழ்நாட்டுச் சந்தைகளில் டபுள் பீன்ஸ் என்று விற்கும் அதே இனம். வலென்சிய ரகம் பெரிதாகவும் தட்டையாகவும் இருக்கும், உள்ளே மாவாக வேகும். காய்ந்தது என்றால் 12 மணி நேரம் ஊற வேண்டும். பச்சை பீன்ஸுக்கு அங்கே ஃபெர்ராவுரா என்று பெயர். பார்வைக்கு அவரைக்காய்போல அகலமாக இருக்கும்.

இதற்கு மேல் ஊருக்கு ஊர் சலுகை உண்டு. நத்தை போடலாம். நத்தை கிடைக்காத நாளில் ரோஸ்மேரி என்ற வாசனை இலையில் ஒரு கொத்துப் போடுவார்கள், ஏனென்றால் மலை நத்தை ரோஸ்மேரி மேய்ந்த வாசனையோடு வரும் என்பது நம்பிக்கை. ஏரிக்கரை ஊர்களில் வாத்து. குளிர்காலத்தில் ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காய், ஆனால் அது சாற்றைக் கருக்கும், சோறு பழுப்பாகிவிடும். தெற்கே சில ஊர்களில் இறைச்சி உருண்டை. பூண்டு, பாப்பிரிகா என்ற காரமில்லாத மிளகாய்த்தூள் ஆகியவற்றைப் பற்றி வீட்டுக்கு வீடு சண்டை.

வெங்காயம் மட்டும் வலென்சியானாவில் கூடாது. அது தண்ணீர் விடும், வேகும்போது கரைந்து இனிக்கும், மணிகளை இளக்கிவிடும். உதிரியாக வர வேண்டிய சோற்றுக்கு அது எதிரி. சொரிசோவில் பிரச்சினை வேறு: அதன் கொழுப்பும் புகைவாசனையும் பாத்திரம் முழுக்கப் பரவி, கோழியின் சாறோ குங்குமப்பூவோ நாக்கில் தெரியாமல் அடித்துவிடும். பிரியாணியில் சாம்பார்ப் பொடி கொட்டியதுபோல.

குங்குமப்பூவைப் பற்றி ஓர் உண்மை. வலென்சிய வீடுகளில் பாதி நேரம் நிறம் கொடுப்பது கடையில் வாங்கும் மஞ்சள் நிறப் பொடிதான். குங்குமப்பூ தரும் நிறம் வெளிறிய பொன், படங்களில் பார்க்கும் பளீர் மஞ்சள் அது இல்லை. மஞ்சள்தூளால் ஈடுகட்ட வேண்டாம், மண்வாசனை வந்துவிடும்.

சமைக்கும் முறை, நாலு பேருக்கு

பொம்பா அரிசி 400 கிராம். எலும்போடு கோழி 600 கிராம், முயல் 400 கிராம், இரண்டையும் சிறு துண்டுகளாக. முயல் இல்லாவிட்டால் கோழியையே 1 கிலோவாக்குங்கள். தட்டை பீன்ஸ் 200 கிராம், ஊறிய கர்ரொஃபோ அல்லது டபுள் பீன்ஸ் 150 கிராம், நன்கு பழுத்த தக்காளி 2 (துருவியது, தோல் வேண்டாம்), ஆலிவ் எண்ணெய் 100 மில்லி, பாப்பிரிகா 1 தேக்கரண்டி, குங்குமப்பூ 20 இழை, ரோஸ்மேரி ஒரு கொத்து, உப்பு. தண்ணீர் 2 முதல் இரண்டேகால் லிட்டர்.

எண்ணெயை ஊற்றி மிதமாகச் சூடாக்கி, உப்புத் தடவிய இறைச்சியைப் பரப்புங்கள். அவசரப்பட வேண்டாம். 20 முதல் 25 நிமிடம், புரட்டிப் புரட்டி, எல்லாப் பக்கமும் நல்ல பழுப்பாகும்வரை வறுக்க வேண்டும். இந்தச் சோற்றுக்குத் தனியாகக் கறிச்சாறு கிடையாது. வறுபட்ட இறைச்சியும் அடியில் ஒட்டிய பழுப்பும்தான் சாறு. சோறு சப்பென்று இருக்கிறது என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர் தவறியது இந்த இடத்தில்.

இறைச்சியை ஓரத்துக்கு ஒதுக்குங்கள். ஓரத்தில் சூடு குறைவு, அது அங்கே காத்திருக்கும். நடுவில் பச்சை பீன்ஸை 5 நிமிடம் வதக்கி அதையும் ஒதுக்குங்கள். காலியான நடுவில் தக்காளி. நீர் வற்றி, நிறம் கருத்து, எண்ணெய் பிரியும்வரை விடுங்கள். பிறகு பாப்பிரிகா, ஐந்தே விநாடி ஒரு புரட்டு, உடனே தண்ணீர். பாப்பிரிகா கருகினால் மொத்தப் பாத்திரமும் கசக்கும், மீட்க வழியில்லை. அதனால் தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பாப்பிரிகாவைத் தூவுங்கள்.

தண்ணீர் எதுவரை? காதுகளைப் பிடித்திருக்கும் ஆணிகளைப் பாருங்கள். உள்பக்கம் தெரியும் அந்த ஆணித்தலைதான் அங்கே அளவுகோல். கர்ரொஃபோவையும் குங்குமப்பூவையும் சேர்த்து, நடுத்தரத் தீயில் 30 முதல் 40 நிமிடம் கொதிக்கவிடுங்கள். உப்புப் பாருங்கள். சாறு தனியாகக் குடிக்க ஒரு கல் கூடுதலாகத் தெரிய வேண்டும், அரிசி அதை இழுத்துக்கொள்ளும். இந்த நேரத்தில் பாத்திரத்தில் சுமார் ஒன்றரை லிட்டர் சாறு நிற்க வேண்டும், அதாவது அரிசியின் கனஅளவைப்போல மூன்று மடங்கு. செனியா என்றால் இரண்டரை மடங்கு போதும். குறைந்திருந்தால் கொதிநீர் ஊற்றுங்கள், கூடியிருந்தால் இன்னும் வற்றவிடுங்கள். அரிசி விழுந்த பிறகு திருத்துவது கடினம்.

அரிசி போடுவதற்கு அழகான ஒரு கிராமத்துக் கணக்கு உண்டு. ஒரு காதிலிருந்து எதிர்க் காதுவரை நேர்கோடாக, வரப்புப்போல, அரிசியைக் கொட்டுவார்கள். கவய்யோ என்றே அதற்குப் பெயர், வரப்பு என்றுதான் அர்த்தமும். வரப்பின் முதுகு சாற்றுக்கு மேலே ஒரு விரற்கடை தெரிந்தால் அளவு சரி. தராசு இல்லாத வயற்காட்டில் பிறந்த அளவை அது. பிறகு கரண்டியால் எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். இனிக் கிளறல் இல்லை.

முதல் 8 நிமிடம் பெருந்தீ, சாறு முழுப் பரப்பிலும் குமிழியிட வேண்டும். மணிகள் மேலே தலைகாட்டியதும் தீயைக் குறைத்து இன்னும் 8 முதல் 10 நிமிடம். ஆக மொத்தம் 16 முதல் 18 நிமிடம். நடுவில் ரோஸ்மேரியை மேலே வைத்து மூன்று நான்கு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் மருந்து வாசனை. இறக்கியபின் 5 நிமிடம் அசையாமல் இருக்கட்டும், மேலே ஒரு துணியோ செய்தித்தாளோ போடுவார்கள்.

தீதான் வீட்டுச் சமையலில் பெரிய தலைவலி. வயலில் முக்காலியின் கீழே ஆரஞ்சு விறகு பரவலாக எரியும். தொடக்கத்தில் கொழுந்து, முடிவில் தணல் என்று தீ தானாகவே குறைந்து வருவது அதற்குப் பொருந்திப்போகும். இன்று பெரும்பாலான வலென்சிய வீடுகளில் வளையம் வளையமாக, தனித்தனித் திருகோடு வரும் கேஸ் அடுப்பு இருக்கிறது. சாதாரண அடுப்பில் 40 சென்டிமீட்டர் பாத்திரம் வைத்தால் நடு மட்டும் கொதிக்கும். இரண்டு அடுப்பை ஏற்றிப் பாத்திரத்தைக் குறுக்காக வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்புங்கள். திருப்பலாம், கிளறக் கூடாது. அல்லது முதல் 8 நிமிடம் அடுப்பில், மீதி 10 நிமிடம் 200 டிகிரி ஓவனில். வலென்சியாக்காரர் பார்த்தால் புருவம் உயரும், ஆனால் சோறு சமமாக வேகும்.

சொகராத், அதாவது காந்தல்

அடியில் பிடித்த சோறுதான் பயேயாவின் உயிர். சொகராத் என்பார்கள். நம் வீடுகளில் காந்தலைச் சண்டைபோட்டுச் சுரண்டித் தின்னும் குழந்தைகள்போல, அங்கே பெரியவர்கள் சுரண்டுவார்கள். கருகல் வேறு, சொகராத் வேறு. சாறு முழுதும் வற்றியபின் அடியில் மிஞ்சும் எண்ணெயிலும் மாவுச்சத்திலும் சோறு வறுபட்டு, தேன்நிறத்தில் மெல்லிய ஓடாக ஒட்டும்.

கடைசியில் தீயை 40 விநாடி முதல் ஒரு நிமிடம்வரை ஏற்றுங்கள். பார்த்துத் தெரியாது, காதால் கேட்க வேண்டும். கொதிக்கும் சத்தம் நின்று, சன்னமாகப் பொரியும் சத்தம் வரும். அதோடு பொரியரிசி வறுக்கும் மணம் எழும். புகை நெடி வந்தால் தாண்டிவிட்டது, உடனே இறக்கி அடியை ஈரத்துணியில் வையுங்கள். கரண்டி முனையை அடிவரை விட்டு இழுத்தால் லேசான தடை தெரிய வேண்டும். சாறு இன்னும் நிற்கும்போதே தீயை ஏற்றுவதுதான் தொடக்கக்காரர் செய்யும் பிழை. அப்போது கிடைப்பது அடியில் கரியும் மேலே களியும்.

மற்றப் பிசகுகளுக்கு மருந்து கொஞ்சம் உண்டு. சாறு வற்றிவிட்டது, மேல் மணி நறுக்கென்கிறது என்றால் சூடான தண்ணீரை அரைக் கரண்டி அளவில் பரவலாகத் தெளித்து, அலுமினியத் தாளால் மூடி, சிறுதீயில் 3 நிமிடம் விடுங்கள். பச்சைத் தண்ணீர் கூடாது, வேகல் நின்றுவிடும். ஓரம் வேகாமல் நடு மட்டும் வெந்தால் தீயின் குறை, பாத்திரத்தைத் திருப்பவில்லை. எண்ணெய் மிதந்தால் கோழித் தோலை அடுத்த முறை நீக்கிவிடுங்கள். எல்லாமே குழைந்துவிட்டால் மருந்து இல்லை. 'அரோஸ் மெலோஸ்' செய்தேன் என்று சொல்லிப் பரிமாறிவிடலாம். அது அங்கே நிஜமாகவே ஒரு வகை. வலென்சியச் சோற்றில் மூன்று பதம் உண்டு: பயேயாபோல வறண்டது செக், குழைவானது மெலோஸ், கஞ்சிபோலச் சாறு நிற்பது கல்தோஸ். வெள்ளைப் பீன்ஸும் டர்னிப்பும் போட்ட கல்தோஸ் குளிர்காலத்துக்கு. மண்சட்டியில் கொண்டைக்கடலை, உருளை, முழுப் பூண்டுக் குமிழோடு ஓவனில் வேகும் அரோஸ் அல் ஃபோர்ன், மிஞ்சிய குழம்புக்குப் போக்கிடமாகப் பிறந்தது.

எப்படிச் சாப்பிடுகிறார்கள்

பயேயா மதியச் சாப்பாடு, அதிலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. இரண்டு மணிக்கு மேல், மூன்று மணிக்குள். இரவு பயேயா கேட்பது வெளியூர்க்காரர் என்று காட்டிக்கொடுக்கும். வாரம் முழுக்க அடுப்பங்கரைப் பக்கம் வராத ஆண்களும் அன்று விறகோடும் கரண்டியோடும் நிற்பார்கள், சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மார்ச் மாத ஃபாயஸ் திருவிழாவில் தெருவிலேயே அடுப்பு மூட்டிப் பேட்டைக்குப் பேட்டை சமைப்பார்கள்.

சோறுக்காக ஆள் காத்திருக்கலாம், ஆளுக்காகச் சோறு காத்திருக்காது. இறக்கி ஐந்து நிமிடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய முறையில் தட்டு கிடையாது. பாத்திரத்தை நடுவில் வைத்து, ஆளுக்கொரு மரக்கரண்டியோடு சுற்றி உட்காருவார்கள். உலோகக் கரண்டி சூட்டை உதட்டுக்குக் கொண்டுவரும், பாத்திரத்தையும் கீறும்.

இங்கே எழுதாத எல்லைக்கோடுகள் உண்டு. உங்களுக்கு எதிரே இருக்கும் முக்கோணம் உங்களுடையது. விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட்டுப் போக வேண்டும். பக்கத்துக்காரர் எல்லையில் நல்ல துண்டு தெரிந்தாலும் கரண்டி போகக் கூடாது. உங்களுக்குப் பிடிக்காத நத்தையோ முயல் துண்டோ வந்தால் நடுவுக்குத் தள்ளிவிடுங்கள், நடு பொது நிலம். வேண்டியவர் எடுத்துக்கொள்வார். எலும்பு உங்கள் பக்கத்துத் தாளிலோ தட்டிலோ போகட்டும், பாத்திரத்துக்குள் திரும்பப் போடுவது அநாகரிகம். கடைசியில் எல்லோரும் ஒன்றாகச் சுரண்டத் தொடங்குவார்கள்.

மேசையில் கூடவே இருப்பவை எளியவை: தக்காளி, லெட்டியூஸ், பச்சை வெங்காயம் சேர்த்த ஒரு கிண்ணம் சாலட், ரொட்டி, ஒலிவக்காய். எலுமிச்சையைச் சோற்றில் பிழியலாமா என்பது குடும்பங்களைப் பிரிக்கும் கேள்வி. சிலர் கை கழுவ மட்டும் என்பார்கள். ஆல்யோலி என்ற பூண்டுச் சாந்து வலென்சியானாவோடு வராது. அது மீன்சாற்றில் வேகும் 'அரோஸ் அ பந்தா'வுக்கும், கண்டியா ஊர் மீனவர்கள் அரிசிக்குப் பதிலாகக் குட்டைச் சேமியாவில் செய்யும் ஃபிதெவாவுக்கும் துணை. 'அ பந்தா' என்றால் 'தனியாக'. சோறு ஒரு பக்கம், அந்தச் சாற்றைக் கொடுத்த மீன் தனித்தட்டில்.

உணவகத்தில் கேட்பதற்குச் சில குறிப்புகள். நல்ல இடங்களில் பயேயா குறைந்தது இரண்டு பேருக்குத்தான் செய்வார்கள், பல இடங்களில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அரிசி விழுந்ததிலிருந்து மட்டுமே 18 நிமிடம் என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள். கேட்ட பத்தாவது நிமிடம் மேசைக்கு வந்தால் அது ஏற்கெனவே செய்துவைத்ததைச் சூடாக்கியது. வாசலில் பல வகைப் பயேயாக்களின் வண்ணப்படம் ஒட்டிய பலகை நின்றால், பெரும்பாலும் உள்ளே இருப்பது உறைபெட்டிச் சரக்கு. அல்புஃபேராவின் எல் பல்மார் கிராமத்தில் சாப்பாட்டுக்கடைகள் வரிசையாக உண்டு. அங்கே சோற்றுக்கு முன் 'ஆல் இ பெப்ரே' என்ற விலாங்குமீன் குழம்பையும் கேட்கலாம். பூண்டும் மிளகாயும் தாராளமாகப் போட்டது, நம் நாக்குக்கு உடனே பிடிபடும்.

மதியம் மூன்று மணிவரை எப்படித் தாங்குகிறார்கள் என்றால், எஸ்மோர்சாரெட் இருக்கிறது. காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில், கட்டட வேலைக்காரர் முதல் அலுவலகக்காரர்வரை மதுக்கடை மேசையில் கூடும் இரண்டாம் காலையுணவு. கைநீளத்துக்கு ஒரு ரொட்டி, அதற்குள் முட்டை, குதிரை இறைச்சி, சாசேஜ், ஏதோ ஒன்று. தோலோடு வேர்க்கடலையும் ஊறுகாய் ஒலிவக்காயும் கேட்காமலே வரும். முடிவில் கிரெமாயெட்: சர்க்கரை, எலுமிச்சைத் தோல், பட்டை, காப்பிக்கொட்டை போட்ட ரம்மைக் கொளுத்தி, அதன்மேல் காப்பியை இறக்கிய சிறு கோப்பை. கோடை மாலைக்கு ஒர்ச்சாதா. வடக்கே அல்போராயாவில் விளையும் சூஃபா என்ற சிறுகிழங்கை ஊறவைத்து அரைத்து எடுத்த, சர்க்கரை போட்ட குளிர்ந்த பால். நம் கோரையின் சொந்தக்காரச் செடி. சூடாக்கினால் மாவுச்சத்து இறுகிக் கஞ்சியாகிவிடும் என்பதால் பச்சையாகவே குடிப்பார்கள். ஃபார்த்தோன் என்ற நீள பன்னை அதில் முக்கித் தின்பது வழக்கம்.

பயேயா முடிந்தபின் யாரும் உடனே எழ மாட்டார்கள். ஆரஞ்சு, காப்பி, பேச்சு என்று ஐந்து மணிவரை மேசை கலையாது. அதற்கு 'சோப்ரமேசா' என்றே பெயர். அந்தப் பேச்சு சூடுபிடிக்குமுன் ஒருவர் எழுந்து பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி வைத்துவிட வேண்டும். ஒட்டியது இளகியதும் நாரால் தேய்த்துக் கழுவி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைத்து, அடுப்பில் காட்டி, உள்ளும் புறமும் எண்ணெய் தடவித் தாளில் சுற்றி ஆணியில் மாட்டுங்கள். அடுத்த ஞாயிறு இறக்கும்போது அந்தப் பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டுத் தொடங்க மறக்க வேண்டாம், சிக்கு வாடை சோற்றில் ஏறிவிடும்.